நம்பிக்கைகளும் உண்மைகளும்: தலையில் நீர் கோக்கவில்லை, தாயே!

நம்பிக்கை: "ஒத்தத் தலைவலியா? தலையில நீர் கோத்திருக்கு. ஆவி பிடி, இறங்கிரும்."

பசுவந்தனை, கோவில்பட்டிப் பக்கம் இதைச் சொல்லாத வாயே கிடையாது. மெடிக்கல் கடையிலும் இதுதான், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டிலும் இதுதான். நொச்சி இலை போட்டு ஆவி, நெற்றியில் சுக்குப் பற்று, நீர்க்கோவை மாத்திரை எல்லாம் முடிந்த மறுமாதம் அதே வலி, அதே வாந்தி. அப்போதும் "இன்னும் நீர் இறங்கலை" என்பார்களே தவிர, வைத்தியம் தப்போ என்று ஒருவருக்கும் தோன்றாது.

உண்மை: அது பெரும்பாலும் மைக்ரேன். முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பின் முனைகள் சிஜிஆர்பி என்ற வேதிப்பொருளைக் கக்குகின்றன. அது ரத்தக் குழாய்களை விரியவைத்து, வலியையும் ஏற்றுகிறது. வலி நேரத்தில் கழுத்து நாள ரத்தத்தில் சிஜிஆர்பி கூடுவதை 1990இல் ஆய்வாளர்கள் கோட்ஸ்பியும் எட்வின்சனும் காட்டினார்கள். இவர்கள் உட்பட நால்வருக்கு 2021இல் 'பிரைன் பிரைஸ்' என்ற மூளை ஆய்வு விருது கிடைத்தது. இதே பொருளை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோது, மைக்ரேன் உள்ளவர்களில் பலருக்கு மைக்ரேன் வலியே வந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் லேசான தலைபாரத்தோடு போய்விட்டது. வித்தியாசம் மூளையில் இருக்கிறது, மூக்கில் இல்லை. மைக்ரேனுக்குத் தரும் சுமட்ரிப்டான் மாத்திரையும் செரட்டோனின் ஏற்பிகளில் ஒட்டி இந்தக் கக்கலைத்தான் அடக்குகிறது. எந்த நீரையும் அது வற்றவைப்பதில்லை.

"மூக்கு ஒழுகுதே, கண்ணு கலங்குதே?" என்பீர்கள். டிரைஜெமினல் நரம்பு கிளர்ந்தால், மூளைத்தண்டு வழியாகக் கண்ணீர்ச் சுரப்பியும் மூக்குச் சவ்வும் தூண்டப்படும். ஒழுகுவது வலியால் வருவது. வலி ஒழுக்கால் வருவதல்ல. 'சைனஸ் தலைவலி' என்று தாங்களே நம்பிய, அல்லது மருத்துவர் சொன்ன 2,991 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தவை மைக்ரேனுக்குரிய அறிகுறிகள். நிஜமான சைனஸ் அழற்சியில் கெட்டிச் சளி வரும், காய்ச்சலும் வரலாம். வெளிச்சம் கண்டு கூசி இருட்டறை தேட வைப்பது மைக்ரேன்தான்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

"கண்ணாடி போட்டாப் போயிரும்." பார்வைக் குறை இருந்தால் போடுங்கள். மைக்ரேன் அதற்குப் போகாது.

"ஸ்கேன் நார்மல், நோயே இல்லை." இந்த வேதி மாற்றம் ஸ்கேனில் விழாது.

"வேலைக்குக் கள்ளம், நடிப்பு." கர்நாடகத்தில் நடந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது. நான்கில் ஒருவர் நடிக்கிறார்களா? பெண்களுக்கு இது ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சரிவது ஒரு காரணம். மருமகளைத் திட்டும் மாமியார்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

"தினம் ஒரு வலி மாத்திரை போட்டா என்ன?" மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரை என்றால் 10 நாள் என்று மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

திடீரென்று இடிபோல் இறங்கும் வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் முதல்முறை வரும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆவிச் சட்டியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றவர்கள் வலி வரும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அடிக்கடி வருவதைத் தடுக்கவும் மருந்து உண்டு.

கடைசியாக ஒன்று. வெயில், பட்டினி, தண்ணீர் குடிக்காமை மூன்றும் மைக்ரேனைக் கிளப்பும். கரிசல் காட்டில் களை எடுக்கும் பெண்களும், தீப்பெட்டி ஆபீஸ் போகும் பெண்கள் பலரும் காலையில் சாப்பிடாமல் கிளம்புகிறார்கள். ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரைத் தொடுவதில்லை. வேலைக்கு ஆள் வைக்கிற முதலாளிகளே, ஊராட்சித் தலைவர்களே, முதலில் கழிப்பறை கட்டுங்கள், குடிக்கத் தண்ணீர் வையுங்கள். பிறகு தலைவலிக்கு வைத்தியம் சொல்லலாம்.