பாலர் பள்ளிப் பணியாளரும் மீள்நோக்கும்

தண்டவாளப் பராமரிப்பிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவனுக்குப் பாலர் பள்ளியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில் அங்கன்வாடி, நர்சரி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தச் சிறு பாடம்.

மீள்நோக்கு என்பது, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து, ‘நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆயிற்று, நாளைக்கு எதை மாற்றுவேன்’ என்று கேட்டுக்கொள்வது. டொனால்ட் ஷான் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983ல் இதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். தேர்ந்த தொழிலாளி புத்தக விதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. கை வேலையில் இருக்கும்போதே ஒரு யோசனை ஓடுகிறது, வேலை முடிந்தபின் இன்னொன்று ஓடுகிறது என்றார். பொறியாளர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம்!

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தாராபாய் மோடக் அம்மையார் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து குழந்தைக் கல்வியில் பழகியவர். 1945ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற ஊரில் பாலர் கல்வி மையம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை. ‘இந்தப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, நம் ஏற்பாட்டில் எங்கே கோளாறு என்று தேடினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பை வைத்தார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் வந்த கதை இதுதான். பின்னர் கோஸ்பாட்டில், அனுதாய் வாக் அம்மையாரோடு சேர்ந்து ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக உழைத்தபோதும் அதே கேள்விதான். மாடு மேய்க்கப் போகும் பையனுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பாடம் நடந்தது. தம்பி தங்கையைச் சுமக்கும் சிறுமி படிக்கவேண்டும் என்று பள்ளியோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தார்கள். 1975 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வந்தது. பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. அந்தக் கேள்வி அதே அளவுக்குப் பரவியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சரி, எப்படிப் பழகுவது? முதலில், கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதவேண்டும். ‘பையன் முரடன்’ என்பது கருத்து. ‘மணலில் விளையாடியவனை உடனே எழுந்து வா என்றேன், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளினான்’ என்பது கண்டது. இரண்டாவது வாக்கியத்தில் ‘நான்’ இருப்பதைக் கவனியுங்கள். மாற்றக்கூடிய இடம் அங்கேதான் இருக்கிறது. இங்கே மட்டியாபுருஜ் பக்கம் வீட்டில் உருதுவும், மையத்தில் வங்காளமும் கேட்கும் குழந்தைகள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ். ‘இந்தக் குழந்தை பேசுவதே இல்லை’ என்று குறிப்பில் எழுதுமுன், எந்த மொழியில் பேசவில்லை என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், டாக்டரிடம் ஓட நினைத்த தாய்க்கு எவ்வளவு கவலை மிச்சம்!

குடும்பங்களோடு பழகும் வேலையில் இது இன்னும் அவசியம். 1980ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை அட்டையில் குறித்தார்கள். வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு 90 நாட்கள் துணை உணவு. அட்டையில் கோடு சரிவது தாய்க்கும் தெரியும். அந்த நேரத்தில் பணியாளர் ‘ஏம்மா சரியாய்க் கொடுப்பதில்லையா?’ என்றால் அடுத்த மாதம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். ‘போன மாதம் வீட்டில் என்ன நடந்தது?’ என்றால் பேதியோ, அவளுக்குக் கிடைத்த கூலி வேலையோ வெளியே வரும். எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்பதையும் அன்று மாலை குறித்துவைக்கவேண்டும்.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். குளிர்காலப் பின்னிரவில் இரும்பு சுருங்கித் தண்டவாளம் விரிசல் விடும். கேங்மேன் கால்நடையாய் ரோந்து போய்க் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்துச் சொன்னவரைத் திட்டினால் அடுத்த விரிசல் யார் கண்ணிலும் படாது. பாலர் பள்ளியிலும் அப்படித்தான். குறை கேட்டால் கோபிக்கும் அதிகாரிக்குக் கிடைப்பது எல்லாம் சரியாக நிரப்பிய பதிவேடு. 2021 முதல் அங்கன்வாடியில் கைப்பேசிச் செயலியிலும் வருகை, எடை எல்லாம் ஏறுகின்றன. எண்கள் வேண்டியவைதான். ‘ஏன்’ என்பதை எழுத ஒரு சாதாரண நோட்டு தனியே வேண்டும். அதை மதிப்பெண் போடவோ விளக்கம் கேட்கவோ பயன்படுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை நான்கைந்து பணியாளர்கள் தேநீரோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் நோட்டிலிருந்து ஒரே ஒரு குழந்தையைப் பற்றி வாசிக்கலாம். மற்றவர்கள் உபதேசம் செய்யாமல் கேள்வி மட்டும் கேட்கவேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம்!