கால யந்திரத்தில் ராயர்

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' 1977 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் அப்படி நிலைத்த அறிவியல் புனைகதைப் படம் உண்டா? (வாசகர், சித்தூர்)

பதில்: வரிசையாகப் பாகங்கள் வந்த படம் என்றால் 'எந்திரன்', '2.0'. ஆனால் என் மனசு போவது ஒற்றைப் படமான 'ஆதித்யா 369' பக்கம்தான். சிங்கீதம் சீனிவாச ராவ் 1991-இல் எடுத்தது, இசை இளையராஜா. தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. கால யந்திரம் 1526-க்குப் போய் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரின் சபையில் இறக்கிவிடும். அப்புறம் 2504! நாயகன், ராயர் இருவருமே பாலகிருஷ்ணா. 2025 ஏப்ரலில் மெருகேற்றி மறுபடி திரையிட்டார்கள். 34 வருஷத்துக்குப் பிறகும் காலம் தாண்டிப் போய்ப் பார்க்கும் ஆசை பழசாகவில்லை.

ராயரைப் பார்க்க உங்களுக்கு யந்திரம்கூட வேண்டாம். திருமலைக் கோயிலில் மகாதுவாரம் என்ற முதன்மை வாயிலைத் தாண்டியதும் வலப்பக்க மண்டபத்தைப் பாருங்கள். கூம்புக் குல்லாயோடு ராயர், இருபுறமும் அவருடைய அரசிகள் திருமலாதேவி, சின்னாதேவி. மூன்று பேரும் செப்புச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். 1513-க்கும் 1521-க்கும் இடையே ஏழு முறை மலையேறி வந்தவர் அவர். வரிசை தள்ளும், ஆனாலும் அந்தக் கூப்பிய விரல்களை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போங்கள்.