வீட்டு மரங்கள் செழிக்கச் சில குறிப்புகள்

மரத்துக்கு என்ன குறை என்பதை இலையும் பட்டையும் காயுமே காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்து அதற்கேற்ற வைத்தியம் செய்தால், பூச்சிமருந்துக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

1. தென்னையில் புது மட்டை கத்தரித்த விசிறிபோல விரிந்தால், காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது என்று அர்த்தம். துளையில் கம்பிக் கொக்கியை விட்டு வண்டை இழுத்தெடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய 3 மட்டை இடுக்குகளில் போடுங்கள். வண்டு முட்டையிடுவது எருக்குழியில். எருவைக் கிளறி வெள்ளைப் புழுக்களையும் பொறுக்கிவிடுங்கள்.

2. தென்னோலை கரி பூசியதுபோலக் கறுத்தால், மேல் ஓலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் அது வெள்ளை ஈ. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடியுங்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்துத் தெளித்தால், கறுப்புப் படலம் காய்ந்து உதிரும். மருந்தடித்தால் இந்த ஈயை அழிக்கும் குட்டிக் குளவிகளும் செத்துப்போகும்.

3. எலுமிச்சை, கறிவேப்பிலைத் தளிரில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்து பச்சை நிறமானதும் செடியையே மொட்டையடித்துவிடும். கையால் பொறுக்கினாலே போதும்.

4. எலுமிச்சை இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டக் குறை. யூரியாவால் இது தீராது. நுண்ணூட்டக் கலவையை இலைமேல் தெளியுங்கள்.

5. முருங்கையில் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். முடி பட்டால் அரிக்கும். குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

6. மாமரத்துப் பட்டையில் துளையும் கீழே மரத்தூளும் தெரிந்தால், தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட்டு, துளையைக் களிமண்ணால் அடையுங்கள்.

7. கொய்யாவில் புழு இருந்தால், விழுந்த பழங்களை அன்றன்றே ஆழமாகப் புதையுங்கள். கிடக்கவிட்டால் புழு மண்ணுக்குள் போய்ப் பழ ஈயாக வெளிவரும்.

8. பப்பாளிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும். மேட்டில் நடுங்கள்.

9. வளர்ந்த மரத்துக்கு அடிமரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உச்சிவெயிலில் நிழல் விழும் விளிம்பையொட்டி வட்டப்பாத்தி கட்டி ஊற்றுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசவே கூடாது.

இவற்றின் கீரையும் காயும் நம் பிள்ளைகள் சாப்பிடுபவை. வாரம் ஒருமுறையாவது மரத்தை அண்ணாந்து பாருங்கள். மருந்தைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள்.