நூலில் எழுதிய பரக்கத்



சோறு பரிமாறும்போதும் கடை திறக்கும்போதும் 'பரக்கத்' என்ற சொல் நம் வாயில் வராத நாள் இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் இதே சொல்லைப் பட்டு நூலால் பின்னி வைத்திருக்கிறார்கள்.

காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் மூத்த மகன் ஃபெர்னாண்டோ 1275-இல் இறந்தார். புர்கோஸ் நகர மடாலயத்திலுள்ள அவருடைய கல்லறையில் பின்னல் வேலை செய்த தலையணை ஒன்று இருந்தது. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 20 கண்ணிகள், அவ்வளவு நுணுக்கம். நடுவில் கழுகு, கோட்டை, பூ. ஓரங்களில் கூஃபி எழுத்தில் 'பரக்கா'. அந்த அரச குடும்பத்துக்காக முஸ்லிம் கைவினைஞர்கள் செய்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடைக்கால எகிப்திலும் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் இந்த முறையில் காலுறை பின்னினார்கள்.

முறை இதுதான். ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். ஒரு நிறம் முன்னால் கண்ணியாகும்போது மற்றது துணியின் பின்பக்கம் சும்மா ஓடும். அதை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும். மிகத் தளரவிட்டால் விரல் மாட்டும். ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஓட நேர்ந்தால் நடுவில் ஒருமுறை அடுத்த நூலோடு முறுக்கிக்கொள்ள வேண்டும். இப்படிப் பின்னும் துணி வெறும் பின்னலைவிட இறுக்கமாக வரும். ஆகவே மாதிரித் துண்டையும் இரண்டு நிறத்திலேயே பின்னி அளவு பாருங்கள்.

கணக்கும் முக்கியம். உரு 12 கண்ணி அகலம் என்றால், 96 கண்ணித் தொப்பியில் எட்டு உரு சரியாகச் சுற்றி வரும். 100 கண்ணி போட்டால் கடைசி உரு அறுந்து நிற்கும்.

நம் தையல் வகுப்பில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். குர்ஆன் உறை பின்ன ஆசைப்பட்ட ஒரு சகோதரிக்கு, கட்டம் போட்ட தாளில் 'பரக்கா' என்று எழுதிக் கொடுத்தது நான்தான். மூன்று நாள் இரவு கண் விழித்துப் பின்னிக் கொண்டுவந்தார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது! வட்டமாகப் பின்னும்போது கட்டத்தைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அவர் தமிழ்ப் புத்தகம்போல இடமிருந்து படித்துவிட்டார். எங்கே தொடங்குவது என்று நான் குறிக்கவில்லை. தவறு என்னுடையது, பிரித்தது அவர். இப்போது நான் தரும் ஒவ்வொரு தாளிலும் கீழ் வலது மூலையில் சிவப்புப் புள்ளி இருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எட்டு முனை நட்சத்திரம், வைரக் கட்டம் போன்றவற்றில் தொடங்குங்கள். இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் திசை மாறினாலும் உரு கெடாது. எழுத்து அப்படியல்ல. அது திரும்பினால் பொருளே போய்விடும்.

இன்னொன்று. அழகாக இருக்கிறதே என்று எந்தப் பழைய உருவையும் அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் எழுத்து இருக்கிறதா, என்ன எழுதியிருக்கிறது என்று ஓதத் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அல்லாஹ்வின் திருநாமத்தையும் ஓதும் சொற்களையும் காலுறையிலோ, உட்காரும் திண்டிலோ, கழிப்பறைக்குள் போட்டுச் செல்லும் தொப்பியிலோ பின்ன வேண்டாம். குர்ஆன் உறையும் சுவரில் மாட்டும் துணியும் அதற்கு ஏற்ற இடங்கள்.

அந்தச் சகோதரி மறுபடி பின்னி முடித்துவிட்டார். உறை இப்போது அவர் மகள் ஓதப்போகும் மதரஸா பையில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்