வெம்மை வெளியேறும் வழி

அமெரிக்க நாட்டின் கீழைக்கரையில் உள்ள நியூ ஜெர்சி மாநிலத்தில், குளிர்காலத்தே நீர் உறைந்து பனிக்கட்டியாகும். வீட்டினுள் வெம்மை ஊட்டாமல் ஆங்கு வாழ்தல் அரிது. அம்மாநிலத்து டுவின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில், ஒரே அமைப்புடைய வீடுகள் சுவரொடு சுவர் ஒட்டி வரிசையாய் நிற்கின்றன. நிலவறையில் எரிவாயு உலை காற்றைச் சூடாக்கி அறைதோறும் அனுப்பும் வகையில் அவை கட்டப்பட்டன.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து இராபர்ட் சோக்கலோ முதலிய அறிஞர்கள் 1970-களில் இவ்வீடுகளைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். 1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைத் தடுத்தமையால் எரிபொருள் விலை ஏறிற்று. அதனால் அவ்வாய்வின் அருமையும் விளங்கிற்று.

ஓரச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் ஒத்த அளவு எரிவாயுவையே செலவிடும் என்றன்றோ எண்ணுவோம்? அவ்வாறு இல்லை. ஒரு வீட்டின் செலவைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் மற்றொரு வீடு செலவிட்டது. குறை வீட்டினதா? வாழ்வாரதா?

முதலில் வீட்டைப் பார்ப்போம். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூரைக்கடியில் உள்ள பரணில் நார்ப்பஞ்சு பரப்புவது இதுபற்றியே; பஞ்சின் இழைகள் காற்றை ஓடவிடாமல் சிறைப்படுத்தும். எனினும், பஞ்சு பரப்பிய பரணிலும் கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு வெப்பம் வெளியேறக் கண்டனர். அது சென்ற வழி யாது? உலையின் புகைக்குழாய் நிலவறையிலிருந்து பரண்வரை செல்லும். குழாயைச் சுற்றி இடைவெளி இருந்தது. சூடான காற்று இலேசானது. அது பஞ்சினைத் தீண்டாமலே அவ்விடைவெளி வழியே மேலேறிப் போயிற்று. அடியில் ஓட்டையுள்ள குடத்தை மூடியிட்டுக் காத்தது போலாயிற்று அதுவரை செய்த காப்பு! பின்னர் அவ்வழியை அடைத்தனர். ஒரு வீட்டில் பஞ்சு, பிளவு, சாளரம் அனைத்தையும் செம்மையாகத் திருத்தவே, வெப்பச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

இனி, வாழ்வார். குடியிருந்தோர் மாறாத வீடுகளில், சென்ற குளிர்காலச் செலவைக் கொண்டு அடுத்ததை ஓரளவு கணிக்க முடிந்தது. புதியோர் குடிபுகுந்த வீடுகளிலோ அக்கணிப்பு பெரிதும் பிழைத்தது. சுவரும் கூரையும் அவையே, மாறியவர் மாந்தரே. வெளியே 0 பாகை, உள்ளே 20 பாகை வெப்பம் எனக் கொள்வோம். உள்வெப்பத்தை 18 பாகையாகக் குறைப்பின், வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். சாளரத்தைத் திறந்துவைத்து உலையை எரிப்பாரும் உளர். வீட்டைத் திருத்தியபின், செலவு குறைந்ததென்று மகிழ்ந்து வெப்பத்தை முன்னினும் கூட்டி வைப்பாரும் உளர். அவர்க்குச் சுகம் மிகும், சேமிப்பு சுருங்கும்.

ஒட்டுச் சுவர் வீடுகளில் மற்றொன்றும் நிகழும். ஒருவர் உலையைத் தணித்துவைப்பின், பக்கத்து வீட்டின் வெம்மை சுவர்வழியே அவர் அறைக்கு வந்து சேரும். அவர் சிக்கனத்தில் ஒரு பகுதி, அண்டை வீட்டார் செலவில் குளிர்காய்வதே.