நீச்சல் தடாகத்தின் பம்பு ஓட மறுத்தால்: முதலில் செய்ய வேண்டியது என்ன?



உடல்நலப் பகுதியில் பம்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சிட்னியில் எங்கள் மக்கள் பலருடைய வீடுகளில் இப்போது நீச்சல் தடாகம் இருக்கிறது. ஊரில் தைப்பொங்கல் வரும் காலம் இங்கே கடும் கோடை. பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். உறவினர், நண்பர்கள், பிள்ளைகளின் தோழர்கள் என எல்லோரும் தடாகம் உள்ள வீட்டில்தான் கூடுவார்கள். பம்பு நின்றுபோனால் அதனால் வரும் தீங்கும் அந்த நாட்களில்தான் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறோம். பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இரவு இடியுடன் மழை பெய்தது. மறுநாள் காலை பம்பு ஓடவில்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததால் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. “திங்கட்கிழமை ஆளைக் கூப்பிடுவோம்” என்று விட்டுவிட்டோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகள் எட்டுப் பேர் நீந்தினார்கள். செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காதுவலி. காது மடலைத் தொடவே விடவில்லை. அம்மம்மா நல்லெண்ணெய் காய்ச்சி விடப் போனார். நல்ல காலம், அதற்குள் வைத்தியரிடம் காட்டினோம். வெளிக்காதில் கிருமித் தொற்று என்றார். “தடாகத்தில் குளோரீன் எவ்வளவு இருந்தது?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

பம்பில் பழுது எதுவும் இருக்கவில்லை. வெளியில் உள்ள பவர் பொயின்ற்றின் மூடி திறந்து கிடந்து, உள்ளே ஈரம் போயிருந்தது. சிறிய வேலை. ஆனால் நாங்கள் பம்பைப் பற்றி யோசித்தோமே தவிர, தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் நினைவில் வைக்க வேண்டிய முதல் விதி இதுதான்: பம்பு நின்றால் தடாகம் மூடப்பட்டது. காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

பம்பு நின்றால் தண்ணீருக்கு என்ன ஆகிறது?

பம்பின் வேலை தண்ணீரை வடிகட்டி வழியாகச் சுற்றிவரச் செய்வது. அழுக்கு பிடிபடுவதும் மருந்து எல்லா மூலைக்கும் போய்ச் சேர்வதும் அந்தச் சுற்றினால்தான். இங்கே பல வீடுகளில் உப்பிலிருந்து குளோரீன் உண்டாக்கும் கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்குள் தண்ணீர் ஓடினால்தான் குளோரீன் உண்டாகும். எனவே பம்பு நின்ற அந்த நேரத்திலேயே குளோரீன் வரவும் நின்றுவிடுகிறது. இருக்கிற குளோரீனை வெயிலும், நீந்துவோரின் வியர்வையும், விழும் இலைகளும் தின்றுவிடும். தண்ணீர் பச்சையாக மாறச் சில நாட்கள் ஆகலாம். ஆனால் கிருமியைக் கொல்லும் சக்தி அதற்கு முன்பே போய்விடும். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல.

அப்படிப்பட்ட தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற கிருமி எளிதில் பெருகும். காதுத் தொற்றும், நீச்சல் உடை பட்ட இடங்களில் சிவந்த பருக்களும் அதனால் வரும். வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகளும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். அதில் கிரிப்ரோஸ்பொரிடியம் என்ற கிருமி, சரியான அளவு குளோரீன் உள்ள தண்ணீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் வயிற்றோட்டம் வந்தவர்கள் அது நின்ற பின்பும் இரண்டு வாரம் தடாகத்தில் இறங்கக் கூடாது என்கிறார்கள்.

பம்பைப் பார்க்கும் முன் மூன்று காரியங்கள்

1. பிள்ளைகளை வெளியே எடுத்து, “இன்று நீச்சல் இல்லை” என்று எல்லோருக்கும் சொல்லுங்கள்.

2. வேலிக் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் 30 சென்றிமீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எந்தத் தடாகத்துக்கும் வேலி கட்டாயம். ஆயுதப் பெட்டியைக் கொண்டு போகவும் வரவும் வசதியாகக் கதவுக்கு ஒரு பூச்சாடியை முட்டுக்கொடுப்பது பலரும் செய்யும் தவறு. அந்தச் சனிக்கிழமை நாங்களும் செய்தோம். பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தை கதவடிக்கு வந்து நின்றதை அம்மம்மாதான் கண்டார். குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே கேட்காது. கலங்கிய தண்ணீரென்றால் அடியில் கிடப்பவரும் தெரியாது.

3. பம்பின் சுவிற்ச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். கையும் காலும் நின்ற நிலமும் காய்ந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரத்தில் அது உயிரை எடுக்கும்.

ஒவ்வொன்றாகச் சோதிப்போம்

முதலில் ஒரு கேள்வி: பம்பு சத்தமே போடவில்லையா, அல்லது உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதா? வைத்தியர் நோயாளியிடம் கேட்பது போல, இந்தப் பதிலில்தான் பாதி விடை இருக்கிறது.

அ) சத்தமே இல்லை என்றால்

மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் என்று தெரிந்த சிறிய மேசை விளக்கொன்றை அதே பவர் பொயின்ற்றில் பொருத்தினால் தெரிந்துவிடும். வெளியே ஈரமாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

விளக்கு எரியவில்லை என்றால் வீட்டின் மின்பலகைக்குப் போங்கள். அங்குள்ள பாதுகாப்பு சுவிற்ச் விழுந்திருக்கலாம். வீடுகளில் உள்ள இந்தச் சுவிற்ச் 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் வழிதவறினாலே இணைப்பை வெட்டிவிடும். பம்பின் பிளக் கழற்றிய நிலையில் ஒரு தரம் மேலே தூக்குங்கள். நின்றால், குறை பம்பிலோ அதன் வயரிலோ இருக்கலாம். பம்பைத் திரும்பப் பொருத்த வேண்டாம். பிளக் கழற்றியும் சுவிற்ச் விழுந்தால், குறை வீட்டு இணைப்பிலோ பவர் பொயின்ற்றிலோ இருக்கிறது. எதுவானாலும் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று தூக்கிப் பார்க்காதீர்கள். அந்தச் சுவிற்ச் நம்மைத் தொந்தரவு செய்யவில்லை, காப்பாற்றுகிறது.

மின்சாரம் வந்தும் பம்பு ஓடவில்லை என்றால் ரைமரைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் முள் உள்ள ரைமர்கள் பிந்திப்போகும். ஒக்ரோபர், ஏப்ரல் மாதங்களின் முதல் ஞாயிறில் நேரம் மாறும்போதும் அதைத் திருத்த மறந்துவிடுவோம். சில வீடுகளில் பம்பு குறைந்த கட்டண நேரத்துக்கு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். மற்ற நேரங்களில் அது ஓடாது. இன்னொன்று: பல இடங்களில் பம்பின் பிளக் குளோரீன் கருவியின் பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி பழுதானால் நல்ல பம்பும் ஓடாது. பெட்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள்.

மோட்டார் தொட முடியாத அளவு சூடாக இருந்தால், உள்ளே உள்ள வெப்பக் காப்பு அதை நிறுத்தியிருக்கலாம். காற்றுப் போகும் துவாரங்களை இலைகள் அடைத்திருந்தால் விலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறியதும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும். பிளக்கைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் விரல் உள்ளே இருக்கும் நேரத்தில் அது ஓடத் தொடங்கக் கூடாது.

ஆ) உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால்

உடனே நிறுத்துங்கள். சில விநாடிகள் உறுமினாலே உள்ளே உள்ள செப்புக் கம்பிகள் சூடேறும். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, தண்ணீரைத் தள்ளும் சுழலியில் ஏதோ சிக்கியிருப்பது. யூக்கலிப்ரஸ் மரத்தின் காய்கள், சிறு குச்சிகள், பிள்ளைகளின் தலைமயிர் றப்பர்கள் எல்லாம் அங்கே போகும். பிளக் கழற்றியிருப்பதை மறுபடி பார்த்துவிட்டு, வால்வுகளை மூடி, பம்பின் மூடியைத் திறந்து, கூடையை வெளியே எடுத்து, உள்ளே உள்ள துவாரத்தில் சிக்கியதை மெல்ல எடுக்கலாம். இது நாமே செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது, கப்பாசிற்றர் பழுதடைவது. ஊரில் பாடசாலையில் “கொள்ளளவி” என்று படித்தோமே, அதுதான். மோட்டாரை முதலில் தள்ளிவிடும் சக்தியை அது கொடுக்கிறது. அது விலை குறைந்த சிறிய உருளைதான். ஆனால் பிளக்கைக் கழற்றிய பின்பும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் அடிக்கும். அதை நாம் திறக்கக் கூடாது.

நாம் நிற்க வேண்டிய எல்லை

கூடை, இலை, ரைமர், மூடியின் றப்பர் வளையம் ஆகியவை நம் வேலை. ஆணி கழற்றித் திறக்க வேண்டிய மோட்டார், வயர், பவர் பொயின்ற் எல்லாம் உரிமம் பெற்ற எலெக்றீசியனின் வேலை. உரிமம் இல்லாதவர் மின்வேலை செய்வது இங்கே சட்டப்படி குற்றம். “ஊரில் நானே கிணற்று மோட்டரைக் கழற்றிப் பூட்டினவன்” என்று சொல்லும் அப்பாமாரும் மாமாமாரும் நம்மில் நிறையப் பேர். அவர்களின் கைத்திறமையில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஈரநிலமும் மின்சாரமும் அனுபவத்தைப் பார்ப்பதில்லை.

ஆள் வரும் வரை

இலைகளை வலையால் அள்ளுங்கள். திரவக் குளோரீனை, போத்தலில் சொன்ன அளவின்படி, பின்னேரத்தில் வெயில் தாழ்ந்தபின் ஓரங்களைச் சுற்றி ஊற்றி, நீண்ட தூரிகையால் கலக்கிவிடுங்கள். குளோரீனையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். கலந்தால் நச்சு வாயு வரும். இப்படிக் கையால் மருந்து போட்டதால் தடாகம் நீந்தத் தகுந்தது என்று ஆகாது. தண்ணீர் கெடுவதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான்.

பம்பு திரும்ப ஓடும்போது

தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவரை இருக்க வேண்டும். பம்பின் கூடையை நீரால் நிரப்பி, மூடியை இறுக்கி, வால்வுகளைத் திறந்த பின்பே சுவிற்ச்சைப் போடுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். வெறுமையாக ஓடினால் பம்பு கருகிவிடும். தடாகத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தின் மூடி உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட தலைமயிர் உள்ள பெண்பிள்ளைகள் கொண்டை போட்டு, தொப்பி அணிந்துதான் இறங்க வேண்டும். உறிஞ்சும் பம்பு மயிரைப் பிடித்தால் பெரியவராலும் விடுவிக்க முடியாமல் போகலாம்.

இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் சோதனைப் பட்டியால் பாருங்கள். குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். வெயில் தாங்க ஸ்ரபிலைசர் போட்ட தடாகத்தில் 3 அளவில் இருப்பது நல்லது. பீ.எச். 7.2 முதல் 7.8 வரை. ஆழமான பக்கத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் சரி என்றால்தான் பிள்ளைகளை இறக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல்

எங்கள் மக்களிடையே நீரிழிவு அதிகம். நீரிழிவு உள்ள முதியவருக்கு வரும் காதுத் தொற்று சில வேளை எலும்புவரை பரவும். காலில் சிறு புண் இருந்தாலும் கெட்ட தண்ணீரால் பெரிதாகலாம். பேரப்பிள்ளைகளோடு தடாகத்தில் கால் நனைக்கும் அப்பப்பா, அம்மம்மாமார் இதை மறக்க வேண்டாம். காதுவலி வந்தால் எண்ணெய், உள்ளிச்சாறு எதுவும் விடாதீர்கள். செவிப்பறையில் துவாரம் இருந்தால் உள்ளே போய்விடும். வைத்தியரிடம் காட்டி, தடாகத்தில் நீந்திய விபரத்தையும் சொல்லுங்கள்.

சுருக்கமாக: பம்பு நின்றால் நீச்சலை நிறுத்துங்கள், கதவைப் பூட்டுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். அதன் பின் ஆறுதலாகக் காரணத்தைத் தேடலாம். பம்பைத் திருத்தும் ஆள் திங்கட்கிழமை வரட்டும். அதுவரை பிள்ளைகள் முற்றத்தில் கிரிக்கெற் விளையாடட்டும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.