மலையும் பாறையும் மண்ணரிப்பும்

ஒரே அளவு மழை பெய்யினும் எல்லா நிலங்களும் ஒரே அளவு மண்ணை இழப்பதில்லை. நிலத்தின் சாய்வும் அதன் கீழுள்ள பாறையுமே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணங்களாம். இவ்வுண்மையை மகாவலி கங்கையின் மேல் நீரேந்து பரப்பிலே தெளிவாகக் காண்கின்றோம்.

335 கிலோமீற்றர் நீளமுடைய இக்கங்கை மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. மேற்பகுதியின் செங்குத்தான சரிவுகளில் மழைநீர் நிலத்துட் புகுமுன்னரே விரைந்தோடுகின்றது. ஓடும் நீரின் வேகம் இருமடங்காயின் அதன் இயக்கச் சத்தி நான்மடங்காகும். மண்ணைப் பெயர்த்துச் செல்லும் வலியும் அதற்கேற்பப் பெருகும்.

அடுத்துப் பாறையை நோக்குவோம். மலைநாட்டுப் பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவற்றுட் குவாட்சைற்று எளிதில் அழியாது முகடுகளாய் நிற்கும். அதன்மேல் மண் மெல்லிய போர்வையே. அப்போர்வை ஒருமுறை நீங்கினால் மீள்வது அரிது. பெல்சுபார் மிகுந்த பாறைகளோ வானிலையாலழிந்து ஆழமான மண்ணைத் தரும். அம்மண் நீருண்டு பாரமேறும்போது, கீழுள்ள பாறைப் படைகளும் சரிவின் திசையிலேயே சாய்ந்திருப்பின், மண்சரிவு நேர்தல் எளிது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இதற்கு மாறானது. அங்கு நிலம் சமதரை. மழைநீரிற் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கிக் கிணறுகளை ஊட்டுகின்றது. எனவே மலைநாட்டிற் போன்று நீர் மண்ணை வாரிச் செல்வதில்லை.

சாய்வையும் பாறையையும் நாம் மாற்ற இயலாது. மண்ணை மூடிநிற்கும் மரஞ்செடிகளையோ நாமே அழிக்கின்றோம். 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. இன்று உமா ஓயாவின் வடிநிலத்திலே செங்குத்தான சரிவுகளிலும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிராகின்றன. வறட்சியின் பின் வெறுமையாய்க் கிடக்கும் மண்மீது பெருமழை விழ, அம்மண் ஆற்றோடு சென்று ரந்தம்பே நீர்த்தேக்கத்திற் படிகின்றது. உழவன் இழப்பது வயலின் வளம். நாடு இழப்பது நீரும் மின்சாரமும்.

1951 ஆம் ஆண்டிலேயே மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சட்டம் மட்டும் மண்ணைத் தாங்காது. முகடுகளிற் காடும், சரிவுகளிற் சமவுயரக் கோட்டையொட்டிய கல்வரம்பும், ஆற்றங்கரையில் மரஞ்செடியும் நிலைபெறல் வேண்டும். நிலத்தின் இயல்பறிந்து பயிரிடுவதே அறிவுடைமையாம். புவியியல் பயிலும் மாணவர் இதனை ஏட்டளவில் நிறுத்தாது நிலத்திலும் கண்டு தெளிவாராக.